பாட்டரிக்குக் காட்டிய சூடம்

துறைமுகத்தில் நல்ல உத்தியோகத்தில் இருந்த லாசரஸ் ஒரு நாள் அதை உதறிவிட்டு மின்சாரக் கார் விற்கக் கிளம்பினான். எண்பதாம் ஆண்டு அது. ஈரானில் என்னமோ நடந்து சிங்கப்பூரில் பெட்ரோல் விலை ஏறிக்கொண்டிருந்தது. விலை ஏறினால் மற்றவர்கள் முணுமுணுத்துக்கொண்டே போட்டுக்கொண்டு போவார்கள். லாசரஸுக்கு மட்டும் அதில் தேவ அழைப்பு கேட்டது.

"உலகத்துல எண்ணெய் தீரப் போவுது மச்சான். அப்ப எல்லாரும் எங்கிட்டதான் வந்து நிக்கணும்."

"எல்லாருமா?"

"எல்லாரும் லா."

பெர்னார்ட் அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்டு என்ன ஆகப் போகிறது? மனைவியின் தம்பி. மனைவி போய்விட்டாள், தம்பி இருக்கிறான். போன வருஷம் தலைவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போன உர்சுலா திரும்பி வரவில்லை. முப்பது வயது கூட ஆகவில்லை. அதற்குப் பிறகு பெர்னார்ட் ஆங் மோ கியோ வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் போனான், வேதியியல் சொல்லிக்கொடுத்தான், வந்தான், தூங்கினான். வா என்றால் போனான். உட்கார் என்றால் உட்கார்ந்தான். மாதா கோயில் ஜனம் அதைத் துக்கம் என்றது. அவனைக் கேட்டால் அதுகூட இல்லை என்றிருப்பான். பல் பிடுங்கப் போட்ட ஊசி இறங்காமலே நின்றுவிட்ட மாதிரி இருந்தது. அந்த மரப்பிலும் ஒன்று மட்டும் உயிரோடு இருந்தது. அடுத்தவன் மடத்தனத்தைப் பார்த்தால் வரும் இளக்காரம். லாசரஸ் அதற்குக் குறைவில்லாமல் தீனி போட்டான்.

அவன் விற்க வந்த வண்டியைக் கார் என்று சொல்ல மனசு வராது. பிஸ்கட் டின்னுக்குச் சக்கரம் வைத்தாற்போல் இருக்கும். முன்னால் இரண்டு பேர் நெருக்கி உட்காரலாம். பின்னால் சாமான் வைக்க ஒரு பலகை. அதைத் தூக்கினால் அடியில் வரிசையாக எட்டு பாட்டரி. சத்தமே வராது. நடந்துபோகிறவர்கள் முதுகில் இடித்த பிறகுதான் திரும்பிப் பார்ப்பார்கள். ஜாலான் புசாரில் ஒரு மாடியறையில் பலகை மாட்டியிருந்த கம்பெனி இதைக் கப்பலில் வரவழைத்தது. மாதக் கடைசிக்குள் மூன்று விற்றால் லாசரஸ் ஏஜென்ட். விற்காவிட்டால் மாதிரிக் காரின் சாவியை மேசையில் வைத்துவிட்டுப் போகலாம். துறைமுகத்தில் அவன் நாற்காலியில் அதற்குள் வேறொருவன் உட்கார்ந்துவிட்டான்.

முதலில் பெர்னார்டிடம்தான் வந்தான்.

"உங்க டட்சன் பழசாப் போச்சு மச்சான். பத்து வருஷம் ஆவுறதுக்குள்ள உடைக்கக் குடுத்துட்டா, புது வண்டி ரிஜிஸ்ட்ரேஷன்ல தள்ளுபடி. கவர்மெண்டே குடுக்குது. வாங்காதவன் மடையன்."

"பாட்டரி எத்தனை நாள் உழைக்கும்?"

"ரெண்டு வருஷம். மூணு வருஷம்கூட வரும். அது ஓட்டுறவங்க கையில இருக்கு."

"அப்புறம்?"

"மாத்தணும்."

"எட்டுமா?"

"எட்டும்தான்."

"அந்தக் காசுக்கு டட்சனுக்கு மூணு வருஷம் பெட்ரோல் போடுவேன்."

லாசரஸ் அவனைப் பரிதாபமாகப் பார்த்தான். "படிச்சவங்ககிட்ட இதான் மச்சான் பிரச்சினை. கணக்குப் போட்டே காலத்தை ஓட்டிருவீங்க. ரோட் டாக்ஸை யோசிச்சுப் பாத்தீங்களா? எஞ்சின் எத்தனை சிசின்னு பாத்துத்தானே போடுறான்? இதுல சிசியே கிடையாது. எதை வச்சுப் போடுவான்?"

"வேற எதையாவது வச்சுப் போடுவான்."

"அவன் கண்டுபிடிக்கிறதுக்குள்ள நாம ஓட்டிருவோம் லா."

இந்த வண்டிக்கு அரசாங்கம் சலுகை தரும் என்று அரசாங்கத்தில் யாரும் சொல்லவில்லை. லாசரஸ் சொன்னான். 'தராம எங்க போயிருவாங்க' என்பது அவனிடமிருந்த ஒரே ஆதாரம். அதை வைத்துக்கொண்டு அவன் கோயில் வாசலில் நின்று பூசை முடிந்து வருகிறவர்களைப் பிடித்தான். ஒருவரும் அகப்படவில்லை. மூன்றாவது வாரம், இந்துக்கள் பக்கம் திரும்பினான்.

டன்லப் ஸ்திரீட்டில் மசாலா அரைக்கும் பரமசிவம் அகப்பட்டார். மிளகாய்த்தூளும் மல்லித்தூளும் சாப்பாட்டுக் கடைகளுக்கு அனுப்ப அவரிடம் மூன்று பழைய கார்கள் ஓடிக்கொண்டிருந்தன. மூன்றையும் உடைக்கக் கொடுத்தால் மூன்று தள்ளுபடி. லாசரஸ் பெர்னார்டையும் இழுத்துக்கொண்டு போனான். "இவர் எங்க அக்கா வீட்டுக்காரர். அக்கா போன வருஷம் தவறிருச்சு. யூனிவர்சிட்டி கிராஜுவேட். சயன்ஸ் சார்" என்று அறிமுகம் செய்தான். கடையில் மாட்டிய காலண்டர் போல பெர்னார்ட் நின்றான்.

பரமசிவம் வண்டியைச் சுற்றி வந்து ஒரு சக்கரத்தை உதைத்துப் பார்த்தார். எந்தக் காலத்திலும் வண்டி வாங்குகிறவர்கள் சக்கரத்தைத்தான் உதைக்கிறார்கள். அதிலிருந்து அவர்களுக்கு என்ன தெரிகிறது என்று யாரும் சொன்னதில்லை.

"ஒரு தரம் சார்ஜ் ஏத்துனா எம்புட்டுத் தூரம் ஓடும்?"

லாசரஸ் நெஞ்சை நிமிர்த்தினான். "மலாக்கா வரைக்கும் போவலாம்ண்ணே!"

பரமசிவத்தின் முகம் சுருங்கிப்போனது. "மலாக்காவா? அப்ப எனக்கு வேணாம் தம்பி."

"ஏண்ணே?"

"எம் பயலுவ ரெண்டு பேரும் ராத்திரி கடை மூடுனதும் காரை எடுத்துக்கிட்டு எல்லை தாண்டி ஜோகூருக்குப் போயிர்றானுவ. என்னா செய்றானுவன்னு கேக்காதே. பெட்ரோல் என் பெட்ரோல். இதுல மலாக்கா வேறயா?"

லாசரஸுக்குப் படிப்பு வராவிட்டாலும் மூக்கு நன்றாக வேலை செய்யும். ஒரு மூச்சு விட்டுக்கொண்டு குரலைத் தாழ்த்தினான்.

"நெசத்தைச் சொல்லிர்றேண்ணே. கம்பெனிக்காரன் மலாக்கான்னு சொல்லச் சொல்றான். அவ்வளவெல்லாம் போவாது."

"ஜோகூர்?"

"போவும். திரும்பி வராது."

"தள்ளிக்கிட்டுத்தான் வரணும்?"

"காஸ்வே பாலம் நெடுக."

பரமசிவம் சிரித்த சிரிப்பில் கடைக்குள் எடை போட்டுக்கொண்டிருந்த ஆள் எட்டிப் பார்த்தான். "மூணு குடு" என்றார். "ஆனா ஒண்ணு. ஒரு நல்ல நாளா பாத்து இந்த வண்டிக்கு இங்க வச்சுப் பூசை போட்டுருவோம். குருக்களுக்கு நான் சொல்லி விடுறேன். பூசை முடிஞ்ச கையோட அட்வான்ஸ்."

மனிதன் ஒரு பொருளை வாங்குவது அது நன்றாக ஓடும் என்பதற்காக அல்ல, ஓடாது என்பதற்காக. பெர்னார்ட் அதை அன்றைக்குத் தெரிந்துகொண்டான். பொருளாதாரப் பாடப் புத்தகத்தில் அது இல்லை.

ஞாயிற்றுக்கிழமை என்று முடிவாயிற்று. சனிக்கிழமை மாமியார் அந்தோனியம்மாள் போன் செய்தாள். "மாப்ள, நாளைக்கு அவன் கூடவே இருங்க. அவன் வாயைத் திறந்தா எதையாவது ஒளறிருவான். உர்சுலா இருந்தா அவ போயிருப்பா." போகிறேன் என்றான். முடியாது என்று சொல்வதற்கும் ஒரு சக்தி வேண்டும்.

லாசரஸ் குடியிருந்தது பன்னிரண்டாவது மாடி. பெர்னார்ட் வீடு இரண்டாவது மாடி. அதனால் சனிக்கிழமை சாயங்காலம் வண்டி பெர்னார்டின் அடுக்குமாடிக்குக் கீழே வந்து நின்றது. சமையலறை ஜன்னலுக்கு வெளியே துணி காயப்போட நீட்டும் மூங்கில் கழியில், பிளக்கிலிருந்து வந்த கம்பியைச் சட்டை காயப்போடுவது போல இரண்டு கிளிப் போட்டு மாட்டி, கீழே தொங்கவிட்டான் லாசரஸ். மேல் வீட்டுச் சீனக் கிழவி தன் கழியைத் தூக்கிக்கொண்டு ஏதோ கத்தினாள். லாசரஸ் அண்ணாந்து பார்த்து, "எலெக்ட்ரிக் கார், ஆன்ட்டி! ஃப்யூச்சர்!" என்றான். எதிர்காலத்தின் மேல் அவளுடைய ஈரப் பாவாடை சொட்டிக்கொண்டிருந்தது.

காலையில் மாதா கோயிலில் முதல் பூசை கண்டுவிட்டுக் கிளம்பினார்கள். டன்லப் ஸ்திரீட் போய்ச் சேரும்போது சார்ஜ் காட்டும் முள் பாதிக்குக் கொஞ்சம் மேலே நின்றது. பூசை முடிந்ததும் பரமசிவத்தைப் பக்கத்தில் உட்காரவைத்து, லாசரஸ் சைனாடவுன் மாரியம்மன் கோயில் வரைக்கும் ஓட்டிக்காட்ட வேண்டும். முள் பாதியில் நின்றால் அசிங்கம் என்று கடைக்குள்ளிருந்து கம்பி இழுத்து மறுபடி சார்ஜ் போட்டான். குருக்கள் வரத் தாமதமாயிற்று. சார்ஜ் ஏறிக்கொண்டே இருந்தது.

வண்டிக்கு மாலை போட்டார்கள். முன்பக்கம் சந்தனம், குங்குமம். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம். பரமசிவத்தின் மனைவி பாக்கியலட்சுமி பட்டுப் புடவையில் வந்து, ஒரு சொம்பில் மஞ்சள் தண்ணீரும் மாவிலையும் கொண்டுவந்து வைத்தாள். லாசரஸ் சொம்பைப் பார்த்தான், பின் பலகையைப் பார்த்தான். பாட்டரியில் தண்ணீர் பட்டுத் தொலைத்தால்? ஓடிப்போய் மசாலா மூட்டை மூடும் பிளாஸ்டிக் ஷீட்டு ஒன்றைக் கேட்டு வாங்கி, பின் பலகையைத் தூக்கி, எட்டு பாட்டரியையும் மூடி, சுற்றிலும் டேப் போட்டு ஒட்டினான். ஒரு ஓட்டை விடவில்லை.

பெர்னார்ட் அருகில் போனான். ஷீட்டுக்கு அடியில் சளசளவென்று ஒரு சத்தம். பாட்டரிக்குள் அமிலம் நுரைத்துக்கொண்டிருந்தது.

"லாசரஸ், சார்ஜை நிறுத்து. ஷீட்டை எடு."

"மஞ்சத் தண்ணி தெளிப்பாங்க மச்சான். ஷார்ட் ஆயிரும்."

"பாட்டரி நெறஞ்சதுக்கு அப்புறமும் கரண்ட் போனா உள்ள இருக்கிற தண்ணி பிரியும். ஹைட்ரஜன் வருது. அதைப் போட்டு மூடி வச்சிருக்கே."

"வாசனைகூட வரலியே."

"வாசனை இருக்காது."

"அப்ப விடுங்க" என்றான் லாசரஸ். "இன்னைக்கு ஒரு நாள் சயன்ஸ் கிளாஸ் எடுக்காதீங்க. உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கிறேன்." ஆனால் பிளக்கை மட்டும் பிடுங்கினான்.

சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று. சூடம் காட்டுவது வண்டியின் முன்னால். பாட்டரி பின்னால். இடையில் ஒரு வண்டி நீளம் இருக்கிறது. அது போதும் என்று பெர்னார்ட் கையைக் கட்டிக்கொண்டு, கடைகளை ஒட்டிய ஐந்தடிப்பாதைத் தூணோரம் நின்றான். கத்தோலிக்கன், அதிலும் பெண்டாட்டி செத்தவன். தள்ளி நிற்பதுதான் மரியாதை என்று அவனுக்கே தெரியும்.

குருக்கள் மந்திரம் சொன்னார். தேங்காய் உடைந்தது. சூடத்தைக் கொளுத்தித் தட்டைத் தூக்கி, வண்டியின் முன்னால் சுற்றிக் காட்டினார். எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். லாசரஸ் சிலுவையும் போட்டுக்கொண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டான். வியாபாரம் என்று வந்துவிட்டால் அவனுக்கு எந்தச் சாமியும் தள்ளுபடி இல்லை.

அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் லாரிக்கும் காருக்கும் பூசை போட்டுப் பழகிய குருக்கள் முறை தவறாதவர். "எஞ்சினைத் திறங்கோ" என்றார். எஞ்சினுக்கும் ஒரு தரம் காட்டுவது வழக்கம்.

"எஞ்சினே கிடையாதுங்க சாமி!" லாசரஸ் பெருமையில் ஒரு சுற்று பெருத்துவிட்டான். "எல்லாம் பாட்டரிதான். பின்னால இருக்கு. வாங்க, தொறந்து காட்டுறேன்."

தட்டும் தீயுமாகக் குருக்கள் பின்பக்கம் நடந்தார். பரமசிவமும் பாக்கியலட்சுமியும் இரண்டு பையன்களும் கூடவே போய்க் குனிந்து நின்றார்கள். லாசரஸ் பலகையைத் தூக்கி, கல்யாணப் பெண்ணின் முக்காட்டை விலக்குவது போல ஒரு பக்கத்து டேப்பை உரித்தான். குருக்கள் தட்டைத் தாழ்த்தினார்.

பெர்னார்டின் உடம்பு அவனைக் கேட்காமல் நகர்ந்தது. இரண்டே எட்டில் அங்கே இருந்தான். குருக்களின் கையைப் பிடித்திருக்கலாம். தட்டைத் தட்டிவிட்டிருக்கலாம். சின்ன வயசிலிருந்து பீடத்து மெழுகுவத்தியை ஊதிப் பழகிய வாய். குனிந்து ஒரே மூச்சில் ஊதினான்.

சூடம் அணைந்தது. ஒரு முழம் கரும்புகை எழுந்து குருக்களின் மூக்கில் ஏறியது.

எதிர்க் கடையில் வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்த பெண்கூடக் கையை நிறுத்திவிட்டாள்.

"அபசாரம்" என்றார் குருக்கள்.

"யோவ், என்னய்யா பண்ணே?" பரமசிவத்தின் குரல் உடைந்திருந்தது. "சூடத்தை வாயால ஊதுறியா? என் கடை வாசல்ல நின்னு ஊதுறியா?"

"வெடிச்சிருக்கும்" என்றான் பெர்னார்ட். "ஷீட்டுக்கு அடியில வாயு சேந்திருக்கு. தீ பட்டா பாட்டரி வெடிச்சு ஆசிட் மூஞ்சியில அடிக்கும்."

"எந்த வாயு? என் கண்ணுக்கு ஒண்ணும் தெரியலியே."

"கண்ணுக்குத் தெரியாது."

"மூக்குக்கு?"

"தெரியாது."

"அப்ப உனக்கு மட்டும் தெரியுமோ?"

வகுப்பில் நாற்பது பேர் பேசினாலும் அடக்கத் தெரிந்த பெர்னார்டின் குரல் இங்கே எடுபடவில்லை. ஆளாளுக்குக் கத்தினார்கள். மூத்த பையன் அவன் சட்டையைப் பிடிக்க வந்தான். லாசரஸ் நடுவில் புகுந்து எல்லோருடைய கையையும் பிடித்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தான். அத்தனை நேரமும் ஷீட்டு ஒரு பக்கம் திறந்தே கிடந்தது. சிராங்கூன் ரோட்டுப் பக்கமிருந்து நல்ல காற்று வீசியது.

கடைசியில் குருக்கள் வேறொரு சூடத்தை எடுத்தார்.

"இப்ப காட்டலாம்" என்றான் பெர்னார்ட். "காத்துல போயிருக்கும்."

"ஓகோ. ஊதும்போது இருந்துச்சு, இப்ப போயிருச்சா? உத்தரவு குடுத்துட்டாரு, காட்டுங்க சாமி" என்றார் பரமசிவம்.

குருக்கள் கொளுத்தி, எட்டு பாட்டரிக்கும் நிதானமாக மூன்று சுற்றுக் காட்டினார். தீ அசையாமல் நின்று எரிந்தது. ஒன்றும் ஆகவில்லை. யாரும் பாட்டரியைப் பார்க்கவில்லை, பெர்னார்டைப் பார்த்தார்கள்.

பாக்கியலட்சுமி பக்கத்தில் நின்றவளிடம் சொன்னாள். மெதுவாகச் சொல்கிறவள் போல, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. "பொண்டாட்டிய முழுங்குன வாயி. தீபத்தையும் முழுங்கிருச்சு."

பெர்னார்ட் வலிக்குமா என்று காத்திருந்தான். வலிக்கவில்லை. ஊசி இன்னும் இறங்கவில்லை.

பரமசிவம் லாசரஸின் தோளில் கை போட்டு ஓரமாகக் கூட்டிப்போனார். கோபம் தணிந்திருந்தது. அதுதான் மோசம்.

"வண்டி நல்ல வண்டிதான் தம்பி. ஆனா ஊதி அணைச்ச வண்டி. என் புள்ள இதுல ஏறிப் போனா, வீடு திரும்புற வரைக்கும் எனக்கு உசுரு இருக்குமா?"

"இது சாம்பிள் வண்டிண்ணே. உங்களுக்கு வர்றது புதுசு, கப்பல்ல வருது. அதை யாரும் ஊதலியே!"

"அதுக்கும் இந்த ஆளைத்தானே கூட்டிக்கிட்டு வருவே?"

லாசரஸ் திரும்பி பெர்னார்டைப் பார்த்தான். 'இல்லை' என்று சொல்லிவிட்டால் ஒருவேளை மூன்று கார். அவன் வாய் திறந்தது. சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று பெர்னார்டுக்கு விளங்கவில்லை. விளங்காதது அவனுக்கு எரிச்சலாக இருந்தது.

"வராதே தம்பி" என்றார் பரமசிவம். "பழைய காரே ஓடட்டும். பயலுவ ஜோகூருக்குப் போனாப் போறானுவ."

மாலையைக் கழற்றிக் கடையிலேயே கொடுத்துவிட்டு இருவரும் ஏறினார்கள். வண்டி சத்தமில்லாமல் கிளம்பியது. அடியில் வைத்த எலுமிச்சம்பழம் நசுங்கியதுகூடக் காதில் விழவில்லை.

லாசரஸ் ஜாலான் புசார் பக்கம் திருப்பினான். கம்பெனி மாடிக்குப் பின்சந்தில், இரும்புச் சாமான் கடை சேக் தாவூதின் புழக்கடையில் நிறுத்தினான். அவன் வழக்கமாக வண்டிக்கு சார்ஜ் போடும் இடம்.

"வேணும்னுதானே செஞ்சீங்க?"

"இல்ல."

"மொதல்லேருந்தே உங்களுக்கு எளக்காரம். என்னைப் பாத்தா, வண்டியைப் பாத்தா, எங்க அம்மாவைப் பாத்தா. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா? கல்யாணமான புதுசுலேயே அக்காகிட்ட கேட்டேன், இந்த ஆளை எப்படிக்கா கட்டிக்கிட்டேன்னு." ஸ்டீரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு முன்னால் பார்த்தே பேசினான். "அக்கா என்னா சொல்லுச்சு தெரியுமா? 'அவருக்கு ஒருத்தரையும் பிடிக்காதுடா. ஆனா பொய் சொல்ல மாட்டாரு.' இப்ப அதுவும் போச்சு."

பெர்னார்ட் கதவைத் திறந்து இறங்கினான். கழுத்துக்குப் பின்னால் என்னவோ சூடாக ஏறியது. ரொம்ப நாள் கழித்து ஒரு விஷயம் அவனுக்கு வேண்டியிருந்தது.

"பிளக்கைப் போடு" என்றான்.

"எதுக்கு? ஃபுல்லா இருக்கே."

"ஃபுல்லா இருக்கிறதாலதான் சொல்றேன். போடு."

சேக் தாவூதின் கடையில் ஆணி போட்டு வைத்திருந்த ஒரு பழைய மைலோ டின்னை எடுத்து ஆணிகளைக் கொட்டினான். கொஞ்ச நேரத்தில் பாட்டரி மறுபடி சளசளத்தது. நடுப் பாட்டரியின் மூடியைத் திருகி எடுத்து, துளைக்கு நேராக டின்னைக் கவிழ்த்துப் பிடித்தான். கை கடுத்தது, அசையவில்லை. லாசரஸ் ஒரு பெட்டிமேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"டின்னுக்குள்ள என்னா போவுது?"

"பரமசிவத்துக்குத் தெரியாதது."

போதும் என்று தோன்றியதும் பிளக்கைப் பிடுங்கச் சொன்னான். டின்னைக் கவிழ்த்தபடியே, தண்ணீர் தளும்பாமல் தூக்குகிறவன் போலச் சந்தின் கோடிக்குக் கொண்டுபோய், இரண்டு செங்கல்லுக்கு மேல் கவிழ்த்து வைத்தான். துடைப்பக் கட்டையின் நுனியில் செய்தித்தாளைச் சுற்றி லாசரஸின் தீப்பெட்டியால் கொளுத்தினான். "என் பின்னால நில்லு."

லாசரஸ் நின்றான். பெர்னார்ட் கட்டையை நீட்டி டின்னுக்கு அடியில் தீயைக் காட்டினான்.

சந்து அதிர்ந்தது. டின் ஆளுயரத்துக்கும் மேலே போய், ஒரு தகரக் கூரையில் விழுந்து, உருண்டு, சாக்கடையில் இறங்கியது. எங்கோ ஒரு நாய் குரைக்க ஆரம்பித்தது. சேக் தாவூது கைலியைப் பிடித்துக்கொண்டு பின்வாசலுக்கு ஓடிவந்தார்.

"யாருப்பா பட்டாசு விட்டது? பட்டாசுதான் தடை பண்ணியாச்சே! போலீஸ் வந்து என் கடையை இழுத்து மூடவா?"

"பட்டாசு இல்ல பாய்" என்றான் பெர்னார்ட். "பாட்டரி."

"பாட்டரியா? என் புழக்கடையில வச்சா? எடுத்துட்டுப் போங்கப்பா அந்தச் சனியனை!"

லாசரஸ் அசையாமல் நின்றான். டின் இருந்த இடத்தில் ஒரு செங்கல் சாய்ந்து கிடந்தது.

"ஒரு டின்னுல இவ்வளவா?"

"ஒரு டின்."

"அப்ப அந்த ஷீட்டுக்கு அடியில..." அவன் கை தானாக முகத்துக்குப் போனது. "குருக்கள் எவ்வளவு கிட்ட குனிஞ்சாரு. அந்தம்மா. பசங்க ரெண்டு பேரும். நானும் குனிஞ்சுதானே நின்னேன்."

பெர்னார்ட் கட்டையின் தீயைக் காலால் மிதித்து அணைத்தான்.

லாசரஸின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. பெர்னார்டுக்கு அந்த வெளிச்சம் நன்றாகத் தெரியும். மலாக்கா வரை ஓடும் வெளிச்சம். அவன் பெர்னார்டின் கையைப் பிடித்து இழுத்தான். "வாங்க மச்சான், இப்பவே போவோம். இதே டின்னை அவர் கண்ணு முன்னால வெடிச்சுக் காட்டுவோம். நீங்க சொன்னது அத்தனையும் நெசம்னு தெரிஞ்சா, அந்தம்மாவே உங்க கால்ல விழும்!"

"சரி. விழும். அப்புறம்?"

"அப்புறம் அவரு..."

"அவர்கிட்ட என்னன்னு சொல்லுவே? இந்த வண்டி வெடிக்கும், மூணு வாங்கிக்குங்கன்னா?"

லாசரஸ் பிடித்த கையை விடவில்லை. விற்பவனுடைய மூளை ஒவ்வொரு கதவாகத் தட்டிப் பார்ப்பது முகத்திலேயே தெரிந்தது. ஒரு கதவும் திறக்கவில்லை. மெள்ள அந்தப் பெட்டிமேலேயே போய் உட்கார்ந்தான்.

சேக் தாவூது இன்னும் திட்டிக்கொண்டிருந்தார். பெர்னார்ட் அவரிடம் ஒரு வாளித் தண்ணீர் கேட்டு வாங்கி, பாட்டரியைத் திறந்த இடத்தில் அமிலம் பட்டிருந்த விரல்களைக் கழுவினான். எரிந்தது. விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்தான். நன்றாகவே எரிந்தது.

"மாசக் கடைசி வரைக்கும் இழுக்க வேணாம்" என்றான் லாசரஸ், தரையைப் பார்த்துக்கொண்டு. "நாளைக்குக் காலையில சாவியைக் குடுத்துட்டுத் துறைமுகத்துக்குப் போயிப் பாக்குறேன். கிளார்க் வேலை இல்லாட்டி வேற ஏதாச்சும் குடுப்பாங்க. கேக்க வெக்கமாத்தான் இருக்கும்." கொஞ்சம் பொறுத்து, "அம்மாகிட்ட டின்னைப் பத்திச் சொல்லாதீங்க" என்றான்.

அடிமுட்டாள் என்று பெர்னார்ட் நினைத்தான். மூன்று காரைக் கையில் வைத்துக்கொண்டு, 'இவரைக் கூட்டிக்கொண்டு வர மாட்டேன்' என்று ஒரு வார்த்தை சொல்லத் தெரியாதவன்.

ஈரக் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டான்.

"எத்தனை மணிக்குப் போறே?" என்று கேட்டான்.